கழற்றிப் பூட்டும் கைகள்

பழைய சைக்கிள் தேடுகிறவர்களின் கண் முதலில் வண்டியின் நெற்றிக்குத்தான் போகும். ஹேண்டில் பாருக்குக் கீழே முன்குழாயில் ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதில் நாரையின் தலை இருந்தால் ராலே, விரிந்த கை இருந்தால் ரட்ஜ், மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியிருந்தால் பி.எஸ்.ஏ. தகடு எப்போதோ கழன்று விழுந்திருந்தால் பார்வை பெடல் பக்கம் இறங்கும். பல்சக்கரத்தின் நடுவே நாரை, கை, எழுத்து என்று ஒவ்வோர் ஆலையும் தன் அடையாளத்தை இரும்பிலேயே வெட்டி வைத்திருக்கிறது. ஹம்பர் என்றால் அந்த வட்டத்துக்குள் ஐந்து மனித உருவங்கள் இருக்கும். அதன் முன் ஃபோர்க்கும் பக்கத்துக்கு இரண்டு குழாய்களாக இறங்கும். மூன்று கியர் வைத்த வண்டி கிடைத்துவிட்டால் பின் ஹப்பின் அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் மேல், அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் எண்ணாகக் குத்தியிருக்கும்.

கோவையில் இந்தத் தேடல் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தொடங்குகிறது. அங்கிருந்து சூலூர், பல்லடம், அவிநாசி, அன்னூர் என்று விரிகிறது. தெற்கே பொள்ளாச்சி, உடுமலை, கிழக்கே காங்கேயம், தாராபுரம், வடக்கே கோபி, சத்தி, அந்தியூர் வரை ஆட்கள் போகிறார்கள். ஊருக்குள் கிடைப்பதைவிடத் தோட்டத்துச் சாளைகளில்தான் வண்டிகள் அதிகம். மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ, பழைய ஆயில் எஞ்சின் கிடக்கும் மோட்டார் ரூமிலோ, அட்டாலியிலோ சாய்ந்து கிடக்கும். "ஏனுங்க, பழைய சைக்கிள் ஏதாச்சும் கெடக்குதுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில்தான் வரும். "இருந்துச்சுங்க, இப்பத்தான் எடைக்குப் போட்டமுங்க" என்பது ஒன்று. அதைக் கேட்டவர் முகத்தில் ஒரு சாவுச் செய்தியின் நிழல் விழும். "கெடக்குதுங்க, வந்து பாருங்க, டயரெல்லாம் போயிருச்சு" என்பது இரண்டாவது. மூன்றாவது பதில், "அது எங்க அப்பாரு வண்டிங்க, அதைக் குடுக்கறதில்லீங்க." இந்தப் பதிலைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பியவர் எவரையும் நான் அறியேன். எதைத் தேடி வந்தார்களோ அதன் மதிப்பு இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது என்ற நிறைவோடு, வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவார்கள்.

தேடப்படும் வண்டிகளைச் செய்த ஆலைகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? ராலே 1887இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தொடங்கியது. 1932இல் ஹம்பரை வாங்கியது. 1943இல் ரட்ஜ், 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவு என்று ஒவ்வொன்றாக அதற்குள் அடங்கின. 1960இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெருங்குழுமத்துக்குள் ராலேயே அடங்கியது. ஹெர்குலிஸும் பிலிப்ஸும் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. 2002இல் நாட்டிங்காமில் ஆலையின் கதவு மூடியது. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. ராலே என்ற பெயர் மட்டும் சந்தையில் உலவுகிறது.

நம் நாட்டுக் கதையும் வேறில்லை. விடுதலைக்குப் பின் இறக்குமதியைக் குறைத்து இங்கேயே செய்ய வேண்டும் என்ற வேகம் பிறந்தது. சென்னை அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தார் ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இன்றும் உயிரோடிருக்கிறது. கல்கத்தாவில் சைக்கிள் வணிகம் செய்துவந்த சுதிர்குமார் சென், ராலேயோடு கைகோத்து வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலையை எழுப்பினார். பம்பாயின் வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ் அதற்கும் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் நொடித்துப்போய், 1980இல் ஒரே சட்டத்தின் மூலம் நாட்டுடைமை ஆயின. அரசின் கையாலும் அவற்றைத் தூக்கி நிறுத்த முடியவில்லை, இரண்டும் மூடின. 1951இல் அரியானாவின் சோனிபட்டில் பிறந்து வீடுவீடாகப் புகுந்த அட்லஸ், கடைசியாக ஓடிக்கொண்டிருந்த சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அது உலக சைக்கிள் தினம்.

பெல்ஜியத்தில் செடெல்கெம் என்ற சிற்றூரில் கிளேஸ் குடும்பம் நடத்திய ஃபிளாண்ட்ரியா ஆலையும் இப்படித்தான் போனது. ஃப்ரெடி மார்டென்ஸ் 1976இல் உலக சாம்பியன் ஆனபோது ஃபிளாண்ட்ரியா அணிக்காரர். அந்தச் சிவப்பு நிறப் பந்தய வண்டிக்கு ஐரோப்பா முழுக்க மயங்கியது. 1981இல் ஆலை முடிந்துபோனது. இன்று அங்குள்ள ஆர்வலர்கள் பழைய கொட்டகைகளிலும் வாரச் சந்தைகளிலும் ஃபிளாண்ட்ரியாவைத் தேடி அலைகிறார்கள். செடெல்கெம்முக்கும் கொங்கு நாட்டுச் செங்கப்பள்ளிக்கும் இடையே கடலும் மலையும் இருக்கின்றன. ஆனால் ஒரு குழாயின் துருவைச் சுரண்டிப் பெயரைத் தேடும் விரலுக்கு இரண்டு ஊரிலும் ஒரே நடுக்கம்தான்.

இந்தத் தேடலை வெறும் பழம்பொருள் ஆசை என்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை. ஆலை செத்த பிறகும் வண்டி ஏன் சாகவில்லை என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அதற்கு விடை தேடினால் கொங்கு நாட்டின் மண்ணுக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

கொங்கு உழவர்களில் பெரும்பாலோர் ஊரோடு ஒட்டி வாழாமல் அவரவர் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள். பால் சொசைட்டி ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் வேறொரு பக்கம். இட்டேரித் தடத்தில் நடந்தே தீர்க்க வேண்டிய தொலைவைச் சைக்கிள் பாதியாக்கியது. நகரத்தில் சைக்கிளைத் தேவையாக்கியவை மில்கள். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை முதல் அடி. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதும் ஆலைகள் பெருகின. மில் சங்கு ஊதினால் கதவுக்கு உள்ளிருந்தும் வெளியிருந்தும் சைக்கிள்கள்தான் வரும். சோமனூர்ப் பக்கம் பாவு நூலும் நெய்த துணியும், திருப்பூரில் பனியன் துணி மூட்டையும், எங்கும் பால் கேனும் புல்லுக்கட்டும் சைக்கிள் கேரியரில் ஏறின. ஊராட்சியும் நகராட்சியும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் ஒரு வில்லை கொடுத்தன. அந்த வில்லை மாட்டிய வண்டிகள் இன்னும் அங்கங்கே அகப்படுகின்றன. அரசாங்கம் வரி போடும் அளவுக்கு அது ஒரு சொத்து. கல்யாணத்தில் சீராக வந்து, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன சொத்து.

அத்தகைய சொத்தை எந்த வீட்டிலும் பழுதானது என்று தூக்கிப் போடமாட்டார்கள். பழுது பார்ப்பார்கள். நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

தேடுகிறவர்களிடையே 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை பெரிது. ப்ரூக்ஸ் தோல் சீட், லூகாஸ் விளக்கு, மில்லர் டைனமோ, ஆலையில் அடித்த கறுப்புப் பெயிண்ட், அதன்மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோடு என எல்லாம் பிறந்த அன்று இருந்தபடியே இருக்க வேண்டும். அப்படி ஒரு வண்டி கிடைத்தால் அது கொண்டாட்டம்தான். ஆனால் எந்த வண்டி அப்படியே மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கியவர் சீக்கிரம் காலமாகி, ஓட்ட ஆளில்லாமல் அட்டாலியில் ஏற்றிவிட்ட வண்டி. மோட்டார் சைக்கிள் வந்ததும் துணி போர்த்தி மூலையில் நிறுத்திய வண்டி. உழைக்காததால் தேயாமல், தேயாததால் மாறாமல் மிஞ்சிய வண்டி அது.

உழைத்த வண்டியைப் பாருங்கள். நெற்றியில் நாரை பாதி தேய்ந்திருக்கும். சீட் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறி, இப்போது ரெக்சினில் இருக்கும். பின் கேரியர் ஆலை கொடுத்தது இல்லை. பால் கேன் தாங்குவதற்காகப் பட்டறையில் தடிக்கம்பி வளைத்துப் பற்ற வைத்தது. பெடல் ரப்பர் போய் மரக்கட்டை வந்திருக்கும். பின் ரிம் லூதியானாவில் செய்தது. மட்கார்டு வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. பெயிண்டுக்கு மேல் பெயிண்ட், அதற்கும் மேல் முருகன் துணை. தேடுகிறவர் இதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் மாத்திட்டாங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டுப் பிதுக்கலை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வண்டி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இரும்புக் கடைத் தராசில் ஏறியிருக்கும். ஒவ்வொரு மாற்றமும் அந்த வண்டிக்கு யாரோ நீட்டிக் கொடுத்த ஆயுள்.

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் பெரிய தேர்கள் பலவற்றுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரம் செய்து கொடுத்திருக்கிறது. மரம் இற்ற இடத்தில் புது மரம், வடம் நைந்தால் புது வடம். தேரோட்டத்தன்று வடம் பிடிக்கிறவர் எவரும் இது பழைய தேர் இல்லை என்று சொல்வதில்லை. ஓடுவதால் அது அதே தேர்.

மாற்றுவதற்கு ஆசை மட்டும் போதாது, முடிய வேண்டும். அந்தக் கால வண்டிகளில் அது முடிந்தது. சட்டம் எஃகுக் குழாய். குழாய்கள் சேரும் இடத்தில் பித்தளை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். விரிசல் விட்டால் ஊர்ப் பட்டறையிலேயே மறுபடி பற்றவைத்துவிடலாம். கிராங்கை அச்சோடு பிணைப்பது ஒரு காட்டர் பின். சுத்தியலால் தட்டினால் வெளியே வரும். ஹப்புக்குள் கோன், கப், நடுவே பால்ரஸ். பின் ஹப்புக்குக் கால் அங்குல பால்ரஸ் என்பதை எந்த ஊர்ச் சைக்கிள் கடைப் பையனும் சொல்வான். ஓவராயில் என்று வண்டியைக் கடையில் விட்டால், அத்தனையும் பிரிந்து ஒரு தட்டில் மண்ணெண்ணெயில் ஊறும். துடைத்து, கிரீஸ் வைத்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி, மாலைக்குள் மறுபடி வண்டியாகிவிடும். கோனை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றும்போது ஆட்டமும் இருக்கக் கூடாது, கடினமும் இருக்கக் கூடாது. அந்த இடத்தை விரல்தான் கண்டுபிடிக்கும். கோட்டம் எடுப்பதும் அப்படியே. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, ஒரு கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்க் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, மறுபடி சுழலவிட வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பெடல் அச்சு சுழலும் இடத்துக் கப்புகளில் பிற ஆங்கில ஆலைகள் அங்குலத்துக்கு 24 புரி வெட்டியபோது, ராலே தனக்கென்று 26 புரி வெட்டியது. ராலே வண்டிக்கு ராலே கப் மட்டுமே பொருந்தும். நிறுவனம் இருக்கும்வரை அது வணிகத்துக்கு ஒரு வேலி. அசல் உதிரிப்பாகம் கிடைக்காமல் போன நாளில் அந்த வேலி வண்டிக்கே சிறையாக மாறியிருக்க வேண்டும். கோவையில் அப்படி ஆகவில்லை. இந்த ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. தேய்ந்த கப்பைக் கையில் வாங்கி, புரி அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்து, 26 என்று கண்டுகொண்டு, அதே போல ஒன்றைக் கடைந்து தருகிற டர்னர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நாட்டிங்காமில் போட்ட பூட்டைக் கணபதியிலும் பீளமேட்டிலும் திறந்தார்கள்.

இந்தத் துணிவு இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு ரட்ஜ் சாட்சி சொல்கிறது. சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. பிரித்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத எந்திரவியலை அந்த வண்டி கற்றுத்தந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தோடு தொடங்கிய அவர் வாழ்வு பின்னால் எவ்வளவு விரிந்தது என்பதைக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் 1937இல் இந்த ஊரில் பிறந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. மோட்டார் எரிந்தால் காயில் கட்டத் தெரிய வேண்டும். பம்பு பழுதானால் வார்ப்பு வார்க்கத் தெரிய வேண்டும். வானம் பார்த்த இந்தப் பூமியில் பிழைப்பே பிரித்துப் பூட்டுவதில் இருந்தது.

கற்றுக்கொடுத்த ரட்ஜ் ஆலை போய்விட்டது. கற்றவரும் போய்விட்டார். கற்றது போகவில்லை. அது கை மாறிக் கை மாறி, கோவையின் பட்டறைகளில் இன்னமும் ஓடுகிறது. அந்த எந்திரம் திறக்க முடியாததாக இருந்திருந்தால் ஓர் இளைஞரின் ஏக்கத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

லூதியானாவின் கதையிலும் இதே உண்மைதான் இருக்கிறது. பஞ்சாபின் அந்த நகரத்தில் பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. ஒருவர் ஹப் மட்டும் செய்வார், ஒருவர் பெடல் மட்டும், ஒருவர் பெல் மட்டும். அவர்கள் ஆங்கில ரோட்ஸ்டர் வண்டியின் அளவுகளையே பொது அளவாக எடுத்துக்கொண்டார்கள். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி என்ற ஆங்கிலக் கணக்கு நம் ஊர்க் கறுப்பு வண்டியில் இன்றும் மாறவில்லை. அதே 28 அங்குல டயர் இன்றும் இந்தியாவில் தயாராகிறது. அதனால் எழுபது ஆண்டு வயதான ராலேக்கு அந்தியூரில் ஒரு கடையில் இன்று காலை டயர் வாங்கிப் போட முடியும். தாய் ஆலை செத்தும், எந்த உறவும் இல்லாத ஆயிரம் பட்டறைகள் அதன் பிள்ளைகளை வளர்த்தன. அளவைப் பொதுவில் வைத்ததால் இது நடந்தது.

பெல்ஜியத்திலும் நுணுகிப் பார்த்தால் இது தெரியும். பந்தய உலகில் புகழ்பெற்ற வீரர்களின் சட்டங்களை ஏதோ ஒரு சிறு பட்டறையின் கைவினைஞர் செய்து கொடுப்பதும், அதன்மேல் பெரிய நிறுவனத்தின் நிறமும் பெயரும் ஏறுவதும் வெகுகாலம் வழக்கமாக இருந்தன. பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. ஆர்வலர்கள் இப்போது குழாய் இணையும் இடத்தின் அரத்தடயத்தைப் பார்த்து அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்க முயல்கிறார்கள். பெயரைத் தேடத் தொடங்கியவர்கள் கையைத் தேடுவதில் வந்து நிற்கிறார்கள். தேடல் முதிர்ந்தால் அங்கேதான் வந்து சேரும் என்று நினைக்கிறேன். கொங்கு நாட்டிலும் அது வர வேண்டும். நெற்றித் தகட்டை வணங்குகிற கண், பின் கேரியரில் பற்றவைத்த தழும்பையும் வணங்க வேண்டும்.

ஏனென்றால் பொருள் ஒருமுறை மட்டும் பிறப்பதில்லை. ஆலையில் ஒருமுறை பிறக்கிறது. பிறகு ஒவ்வொரு பழுதிலும் யாரோ ஒருவர் கையில் மறுபடி பிறக்கிறது. முதல் பிறப்புக்கு ஒரு நிறுவனமும் மூலதனமும் விளம்பரமும் உண்டு. அடுத்தடுத்த பிறப்புகளுக்கு வேப்ப மரத்தடியில் ஒரு சாக்கு விரிப்பும், நாலு ஸ்பேனரும், ஒரு மனிதரின் பொறுமையும்தான். ஆயுளைக் கணக்கிட்டால் இரண்டாவது வகைப் பிறப்புகள் கொடுத்த ஆண்டுகளே அதிகம்.

இன்று நாம் வாங்கும் பொருள்கள் இந்தப் பிறப்புகளுக்கு வழி விடுவதில்லை. விலை உயர்ந்த கார்பன் சட்டம் விரிசல் விட்டால் பட்டறைக்காரர் கைவிரிக்கிறார். பேரிங் முழுவதும் மூடிய டப்பாவாக வருகிறது. போனால் டப்பாவோடு மாற்ற வேண்டும். கியர் மாற்றுவதற்குள்ளும் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. செல்போனின் முதுகை நம்மால் எளிதில் திறக்க முடிவதில்லை. அழகிலும் வேகத்திலும் எடைக் குறைவிலும் இவை பழைய வண்டியைவிட எவ்வளவோ மேல். அதை மறுக்க மாட்டேன். ஆனால் செய்த நிறுவனம் ஆதரவை நிறுத்திய மறுநாள் இவை குப்பை. இந்தப் பொருள்களுக்கு இரண்டாவது பிறப்பு இல்லை என்று முதல் பிறப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் இவற்றைத் தேடிக் கண்டெடுத்தாலும் ஓட்ட முடியாது, கண்ணாடிக்குள் வைக்கத்தான் முடியும்.

இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது. கோட்டம் எடுக்கத் தெரிந்த விரல்கள் குறைந்துவருகின்றன. வாடகைச் சைக்கிள் கடைகள் போயின. மிஞ்சிய கடைகளில் முதியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். அருகே உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் இல்லை. அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவன் பள்ளிக்குப் போகும் வண்டியே தமிழக அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளாக இருக்கலாம். செயின் கழன்றால் மாட்ட, பஞ்சர் ஒட்ட, பிரேக்கை இறுக்க அவனுக்கு ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் என்ன? வண்டி கொடுக்கும் நாளிலேயே ஊர் மெக்கானிக் ஒருவரைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்து, அவருக்கு மாலை போட்டு, மாணவர்களுக்கு முன்னால் ஒரு சக்கரத்தைப் பிரித்துப் பூட்டச் சொல்லலாம். பழைய ராலேயைத் தேடி நூறு கிலோமீட்டர் போகிறவர்கள், அதைச் சீர் செய்யத் தெரிந்தவரின் முன்னால் ஒரு பொழுது உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். வண்டியைச் சேர்த்து வைப்பது பாதி வேலை. அந்த அறிவைச் சேர்த்து வைப்பது மீதிப் பாதி.

இது சைக்கிளோடு நிற்கும் செய்தி இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்: ஒரு தொழில், ஒரு குடும்பம், ஒரு பள்ளி, ஒரு சமையல், ஒரு பாட்டு. அது நம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நம்மைத் தவிர வேறொருவர் தொட்டால் கெட்டுவிடும் என்று அஞ்சி, நமக்கு மட்டுமே தெரிந்த புரியை வெட்டி வைக்கிறோம். பக்குவத்தைச் சொல்லாமல் மறைக்கும் சமையல்காரரும், கணக்கைக் காட்டாமல் கடையை நடத்தும் தகப்பனும், சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியரும் செய்வது அதைத்தான். நாம் இருக்கும்வரை அந்தப் பூட்டு நம் பெருமையைக் காக்கிறது. நாம் போன பிறகு அதுவே நாம் செய்ததைக் கொல்கிறது.

மாறாக, தெரிந்ததைத் தெருவில் வைத்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிறர் திருத்தட்டும், தேவைக்கு ஏற்ப மாற்றட்டும், என் பெயர் தேய்ந்தாலும் வேலை ஓடட்டும் என்று விட்டவர்கள். அவர்கள் விட்டுச்சென்றது அவர்கள் செய்த வடிவத்தில் இருக்காது. கேரியர் மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும். ஆனால் யாரோ ஒருவரின் சுமையை ஏற்றிக்கொண்டு அது போய்க்கொண்டிருக்கும். எதையும் மாறாமல் நிறுத்தி வைக்க விரும்புகிறவனுக்குக் கிடைப்பது பொருளின் உடல். மாறவிட்டவனுக்கே அதன் உயிர் கிடைக்கிறது.

பூட்டி வைத்ததெல்லாம் செய்தவன் காலத்தோடு நின்றுபோகிறது. அடுத்தவன் கை நுழைய இடம் விட்டதெல்லாம் செய்தவனைத் தாண்டி வாழ்கிறது. நிலைக்க வேண்டும் என்று விரும்பினால் வலுவாகச் செய்வதோடு நிறுத்தக் கூடாது. திறக்கும்படியும் செய்ய வேண்டும். திறக்கிறவருக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும்.